வன்னிக் குளங்களும் பறவைகளும்



முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் நோக்கிச் செல்லும் பெருவீதியில், முள்ளியவளையை அடுத்துத் தண்ணீரூற்று என்றோர் ஊர் உண்டு. நிலத்தடியிலிருந்து நீர் ஊறிப் பெருகும் இடத்தைக் கண்டு குடியமர்ந்த முன்னோர், ஊருக்கு வேறு பெயர் தேடவில்லை. ஊற்றங்கரையிலே பிள்ளையாரை இருத்தி வழிபட்டனர். ஊற்று நீரைக் கொண்டு தோட்டஞ் செய்தனர். அவ்வூரில் வைகறையில் கண்விழிப்போர் செவியில் முதலில் விழும் ஒலிகளுள் ஒன்று, வேலியோரத்து முருங்கைக் கொப்பிலோ கூரை முகட்டிலோ அமர்ந்து பாடும் ஒரு சிறு பறவையின் குரலாகும். தலையும் முதுகும் கருமை, வயிறு வெண்மை, சிறகிலே ஒரு வெள்ளைக் கீற்று, வாலை அடிக்கடி மேல்நோக்கி நிமிர்த்தும் வழக்கம். குண்டுகரிச்சான் என்று தமிழர் அதனை அழைப்பர்.

ஆங்கில நூல்களில் இப்பறவையின் பெயர் மக்பை ரொபின் என்பது. இங்கிலாந்திலே மக்பை என்பது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த, கறுப்பும் வெள்ளையுமான நீண்டவால் பறவை. ரொபின் என்பது வீட்டுத் தோட்டத்தில் பாடித் திரியும் ஒரு சிறு குருவி. கீழைநாட்டுக்கு வந்த ஆங்கிலேயர், குண்டுகரிச்சானின் நிறத்தில் தம் ஊர் மக்பையையும், அதன் பாட்டிலே தம் ஊர் ரொபினையும் கண்டு, இரண்டையும் இணைத்துப் பெயரிட்டனர். உறவு முறையில் அதற்கும் காக்கைக் குடும்பத்துக்கும் தொடர்பில்லை. தமிழர் இட்ட பெயரோ கரியின் நிறத்தையும் குறுகித் திரண்ட உடலையும் நேரிற் கண்டு இட்ட பெயர். ஒரே பறவையைப் பார்த்து ஒருவர் பிறந்த ஊரை நினைந்தார். மற்றவர் கண்முன் நின்றதையே சொன்னார்.

இலங்கையிலே மெய்யான மக்பை இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. நீல மக்பை என்று ஆங்கிலேயரும், கெஹிபெல்லா என்று சிங்கள மக்களும் அழைக்கும் பறவை அது. நீல உடலும், செம்பழுப்புத் தலையும் சிறகும், சிவந்த அலகும் காலும் உடையது. உலகில் இலங்கையன்றி வேறெங்கும் அது இல்லை. 1829ஆம் ஆண்டில் வாக்ளர் என்னும் ஜேர்மானியர் அதற்கு அறிவியற் பெயர் இட்டார். ஆனால் அது தென்மேற்கின் ஈரவலயக் காடுகளிலும் மலைநாட்டிலும் மட்டுமே வாழ்வது. சிங்கராசக் காட்டிலே அதனைக் காணலாம். வன்னிக்கு அது வருவதில்லை. காரணம் எளிது. அதற்கு வேண்டியது ஆண்டு முழுதும் ஈரம் காயாத காடு. வன்னியோ ஆண்டின் சில மாதங்களில் மாரி பெய்து, எஞ்சிய மாதங்களில் வெயில் காயும் உலர்நிலம். இங்கு வாழும் பறவை எதுவாயினும், நீர் எங்கே தங்கி நிற்கின்றது என்பதை அறிந்தே வாழவேண்டும்.

வன்னியில் நீர் தங்கி நின்றதெல்லாம் பெரும்பாலும் தானாகத் தங்கியதன்று. மனிதர் அணைகட்டித் தேக்கியது. ஆதலால் வன்னிப் பறவைகளின் வரலாறு, வன்னிக் குளங்களின் வரலாற்றோடு பிணைந்து கிடக்கின்றது. இதனையே இன்று நேயர்களுக்கு எடுத்துக் கூற விழைகின்றேன்.

முதலில் நிலத்தின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். தண்ணீரூற்றிலிருந்து மேற்கே சென்றால் காடு. பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கிய உலர்காடு. காட்டின் இடையிடையே குளங்கள். குளக்கட்டின் கீழே வயல்கள். கிழக்கே சென்றால் நந்திக்கடல் என்னும் களப்பு. அதன் கரையிலே வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில். களப்பைத் தாண்டினால் மணற்கரையும் பெருங்கடலும். காடு, குளம், வயல், களப்பு, கடற்கரை என இவை யாவும் ஒருநாள் நடைக்குள்ளே அடங்கிவிடுகின்றன. இத்தனை வகை நிலம் இவ்வளவு அண்மையில் அமைந்திருப்பதே இப்பகுதியிலே புள்ளினம் பலவாயிருப்பதற்குக் காரணம்.

காட்டிலே இருவாய்ச்சி உண்டு. பெரிய அலகின்மீது மற்றோர் அலகு வைத்தாற்போன்ற கொண்டையுடைய பறவை அது. முட்டையிடும் காலத்தில் பெண்பறவை முதுமரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாயிலைச் சிறு துளையளவாக அடைத்துக்கொண்டு உள்ளே தங்கும்; ஆண்பறவை பழங்களைக் கொணர்ந்து அத்துளை வழியே ஊட்டும். பொந்துள்ள முதுமரம் வீழ்த்தப்படுமாயின் அவ்விணைக்கு வீடில்லை. அதே காட்டின் அடர்ந்த புதரிலே சோலைப்பாடி வாழ்கின்றது. குண்டுகரிச்சானுக்கு நெருங்கிய உறவு. நீண்ட வாலும் செம்பழுப்பு வயிறும் உடையது. பாட்டிலே அதனை வெல்லும் பறவை இத்தீவிற் சிலவே. குண்டுகரிச்சான் மனிதர் குடியிருப்பை விரும்பி முற்றத்துக்கு வந்தது. சோலைப்பாடி காட்டை விட்டு வெளிவர மறுத்தது. ஊர் எங்கே முடிந்து காடு எங்கே தொடங்குகின்றது என்பதை வன்னியில் அவ்விரண்டின் குரலைக் கொண்டே அறியலாம்.

குளத்துக்கு வருவோம். அலைகரையில் நீர் ஆழமின்றிப் பரந்து நிற்கும். அங்கே நத்தைகுத்தி நாரை தன் இடைவெளியுள்ள அலகால் நத்தையைப் பிடித்து உண்ணும். நீண்ட விரல்களை விரித்து இலைக்கோழி தாமரையிலைமேல் நடக்கும். கோரைப்பற்றையில் நீலத் தாழைக்கோழி ஒதுங்கும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கி மீன்பிடித்து, பட்டமரத்தில் அமர்ந்து சிறகை விரித்து வெயிலிற் காயும். குளக்கட்டின் கீழே, வயலில் உழவு நடக்கும்போது கொக்குக் கூட்டம் உழவனைப் பின்தொடரும். நெல் பாலேறிக் கதிரானதும் நெல்லுக்குருவி வந்து இறங்கும். அதை ஓட்ட வெருளி எழும். வீட்டு வளவிலே புலுனிகள் ஆறேழாய்க் கூடி ஓயாது பேசும்.

களப்பிலோ காட்சி வேறு. ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை செல்லும் அடியார், கோடையில் நீர் குறைந்த களப்பையே காண்பர். அவர்கள் மார்கழியிலும் ஒருமுறை சென்று பார்க்கவேண்டும். வடகீழ்ப் பருவமழை பெய்து, ஆற்று நீரும் கடல்நீரும் கலந்து நிற்கும் காலத்தில், வட ஆசியாவின் பனிநிலங்களை விட்டுப் புறப்பட்ட நீர்ப்பறவைகள் இக்கரையோரம் எங்கும் இறங்கியிருக்கும். ஊசிவால் வாத்தும் உள்ளானும் பிற கரைப்பறவைகளும் புரட்டாதி ஐப்பசியில் வந்து, பங்குனி சித்திரையில் மீளும். வடக்கே சுண்டிக்குளத்திலும் தெற்கே கொக்கிளாயிலும் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூடுவதுண்டு.

களப்பு இயற்கையானதே, அதற்கும் குளத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிறைத்து, எஞ்சிய நீரைச் சுண்டிக்குளக் களப்பிலே சேர்க்கின்றது. பேராறு முத்தையன்கட்டுக் குளத்தைக் கடந்து நந்திக்கடலை அடைகின்றது. குளம் நிறைந்து வான் பாய்ந்தால் களப்பிலே நன்னீர் மிகும். குளம் மறித்தால் உவர் மிகும். நீரின் உவர்ப்பு மாறினால் அதில் வாழும் இறாலும் மீனும் மாறும். அவற்றை உண்ணும் பறவையும் மாறும். ஆகவே களப்பிலே நிற்கும் பூநாரையின் உணவுகூட, பல கல் தொலைவில் குளக்கட்டில் நின்று துருசு திறப்பவன் கையோடு தொடர்புடையது.

இக்குளங்கள் மிகப் பழையன. வவுனிக்குளம் போன்றவை கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தன என ஆராய்ச்சியாளர் கருதுவர். நீர்ப்பாசனப் பகுதியிற் பொறியியலாளராகப் பணிபுரிந்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட பண்டை இலங்கை பற்றிய நூலில் இவற்றின் அமைப்பை விரிவாக ஆராய்ந்தார். ஒரு சிற்றாற்றை மறித்து ஒரு குளம், அதன் வான்நீரை ஏற்க அதன்கீழ் மற்றொன்று, அதன்கீழ் இன்னொன்று. இங்ஙனம் தொடர்குளங்களாக அமைத்த மக்கள் நெல்லுக்காகவே அவற்றைக் கட்டினர். கொக்குக்கும் நாரைக்குமென்று எவரும் மண் சுமக்கவில்லை. ஆயினும், காட்டுக்குள்ளே நீர்நிலைகள் நூற்றுக்கணக்கில் தோன்றியபோது, நீர்ப்பறவைகள் அழையாமலே வந்து குடியேறின. இயற்கை வாழிடம் என்று இன்று நாம் சொல்வதில் ஒரு பெரும்பகுதி நம் முன்னோர் கூடையாலும் மண்வெட்டியாலும் ஆக்கியதே.

பின்னர் வந்தது வீழ்ச்சி. ஒல்லாந்தர் காலத்தின் இறுதியில், வன்னியை நிருவகித்த நாகல் என்னும் அதிகாரி 1793இல் அப்பகுதியைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1803 ஆகஸ்டில் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் கற்சிலைமடுவிலே தோல்வியுற்றான். போரும் காய்ச்சலும் பஞ்சமும் குடிகளைக் குறைத்தன. குடி குறைய, குளக்கட்டைப் பேணுவார் இல்லை. கட்டு உடைய, குளம் காடாயிற்று. 1895இல் ஜோன் பென்றி லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றித் தொகுத்து வெளியிட்ட கைந்நூலைப் படிப்போர், உடைந்த குளங்களும் கைவிடப்பட்ட ஊர்களும் நிறைந்த ஒரு நாட்டையே அதிற் காண்பர். பின்பு ஆங்கில அரசு சில குளங்களைத் திருத்தியது. இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி, 1920ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் புதுப்பிக்கப்பட்டுக் குடியேற்றங்கள் எழுந்தன. காடாய்க் கிடந்த இடத்தில் மீண்டும் நீர் பரந்தது. நீர்ப்பறவைகளுக்கு மீண்டும் இடமாயிற்று.

இனி, இப்பறவைகளைப் பற்றி எழுதியவர் யார் என்பதை நோக்குவோம். கண்டியரசனின் நாட்டிலே ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ், 1679இல் காட்டு வழியே ஆற்றங்கரையைப் பின்பற்றி அரிப்புக்குத் தப்பியோடினார். 1681இல் வெளியான அவருடைய நூலிலே இத்தீவின் பறவைகளைப் பற்றிய குறிப்புக்கள் உள்ளன. பேசப் பழகும் கரும்பறவை ஒன்றையும் அவர் குறித்துள்ளார். 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த ஆளுநராயிருந்த லோட்டன், இந்நாட்டிலேயே பிறந்த டி பேவர் என்னும் ஓவியரைக் கொண்டு பறவைகளை வரைவித்தார். லோட்டன் பெயரால் வழங்கும் தேன்சிட்டு இன்றும் நம் தோட்டங்களில் உண்டு. குண்டுகரிச்சான் மேலைநாட்டு நூலில் ஏறியது இதற்கும் முன்னர். சென்னைக் கோட்டையிலே மருத்துவராயிருந்த எட்வர்ட் பல்க்லி என்பவர் அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1713இல் வெளியான ஜோன் ரே என்பாரின் பறவை நூலில் அதன் விவரம் இடம்பெற்றது. 1758இல் லின்னேயஸ் இட்ட அறிவியற் பெயரிலுள்ள சவுலரிஸ் என்னும் சொல், சென்னையிலிருந்து பறவையுடன் சென்ற உள்நாட்டுப் பெயர் ஒன்றிலிருந்தே பிறந்தது என்பர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்வாராய்ச்சி விரைவடைந்தது. 1846இல் இலங்கைக்கு வந்த எட்கர் லேயாட், அரசாங்கச் சேவையில் அமர்ந்து யாழ்ப்பாணத்திலும் பருத்தித்துறையிலும் வாழ்ந்தபோது பெருந்தொகையான பறவைகளைத் திரட்டினார். 1853, 1854ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய தொடர்க்கட்டுரைகள் இலங்கைப் பறவை ஆராய்ச்சிக்கு அடிக்கல் ஆயின. அவருக்குப் பின் வந்த லெக் என்னும் பீரங்கிப் படைத் தலைவர், 1868 முதல் 1877 வரை இத்தீவில் இருந்து, 1878 தொடங்கி 1880 வரை பகுதி பகுதியாக இலங்கைப் பறவைகளின் வரலாறு என்னும் பெருநூலை வெளியிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள்; கோய்லமன்ஸ் வரைந்த வண்ணப் படங்கள். சோலைப்பாடியின் இலங்கை வகைக்குப் பிற்காலத்தார் லெக்கின் பெயரையே இட்டனர். 1925இல் வெயிற் என்பாரின் கைந்நூலும், 1955இல் இந்நாட்டிலே பிறந்து கொழும்பு நூதனசாலையில் பணிபுரிந்த ஹென்றி என்பாரின் வழிகாட்டி நூலும் வெளிவந்தன.

இவர்கள் உழைப்பு பெரிது. அதை மறுப்பது நன்றியின்மை. எனினும் இங்கே நாம் ஒரு கணம் நின்று எண்ணவேண்டியது ஒன்றுண்டு. கடலுக்கப்பாலிருந்து வந்த ஒருவர், காடறியாது, வழியறியாது, மொழியறியாது, எங்ஙனம் இத்தனை பறவைகளைக் கண்டார்? அவருக்கு முன்னே நடந்து, இன்ன பறவை இன்ன மரத்தில் இன்ன காலத்தில் வரும் என்று காட்டியவர் யார்?

அவர்களுள் ஒருவர் பெயர் நமக்குத் தெரியும். லேயாட்டிடம் முத்து என்னும் தமிழர் பணியாளராயிருந்தார். பொறுமையும் வேட்டைத் திறமும் வாய்ந்தவர். ஒருநாள் காலை, பருத்தித்துறையிலே, அவர் ஒரு சிறு பழுப்புநிறப் பறவையைக் கொணர்ந்து லேயாட்டின் கையில் வைத்தார். லேயாட் அதுவரை அறியாத பறவை அது. தம்முடைய சிறந்த பறவைகள் பலவற்றை முத்துவின் முயற்சியாலேயே பெற்றதாக ஒப்புக்கொண்ட லேயாட், 1854இல் அப்பறவைக்கு அவர் பெயரையே சூட்டினார். பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் எனப்படும் அப்பறவை, இன்றும் உலகத்து நூல்களிலெல்லாம் மஸ்கிகாப்பா முத்துயீ என்ற அறிவியற் பெயராலேயே வழங்குகின்றது. வடகிழக்கிந்தியாவிலும் சீனத்தின் தென்பகுதியிலும் கூடுகட்டி, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை அது. ஆளுநரும் தளபதியும் பெயர் பெற்ற அந்த வரிசையிலே, பருத்தித்துறைப் பணியாளர் ஒருவரின் பெயரும் நிலைத்துவிட்டது.

ஆனால் முத்து ஒருவர்தாமா? வன்னிக் காட்டிலே தேனெடுத்தோரும், மாடு சாய்த்தோரும், வயற்காவலிருந்தோரும் அறிந்தவை எத்தனை! அவற்றை அவர்கள் எழுதி வைக்கவில்லை, பெயராக வைத்தார்கள். ஆறுமணிக்குருவி என்ற பெயரைப் பாருங்கள். இமயத்தின் அடிவாரத்திலிருந்து மாரிக்கு முன் இங்கு வந்து, காலையிலும் மாலையிலும் ஆறுமணி அளவில் தவறாது கூவும் பல்வண்ணப் பறவை அது. அதன் வழக்கம் முழுவதும் அச்சொல்லிலே அடங்கியிருக்கின்றது. ஆட்காட்டி என்ற பெயரும் அத்தகையதே. வெட்டையிலே ஆள் வரவைக் கண்டவுடன் கூவி அறிவிப்பது. நத்தைகுத்தி என்றால் அதன் உணவு விளங்கும். நாரையைத் தூதுவிட்ட சத்திமுற்றப் புலவர், அது தென்குமரியிலே நீராடி வடதிசைக்கு மீளும் எனப் பாடினார். பறவைகள் பருவந்தோறும் வலசை போவதைத் தமிழர் கண்டறிந்திருந்தனர் என்பதற்கு அதுவொரு சான்று. பெயரில் ஒளிந்துள்ள இவ்வறிவு, பெயரைச் சொல்வார் இல்லாதபோது அழிந்துபோகும்.

அரசாங்கமும் காவலுக்கு வழி செய்யாமலில்லை. 1937இல் இயற்றப்பட்ட வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், சுண்டிக்குளம் 1938இலும் கொக்கிளாய் 1951இலும் பறவைச் சரணாலயங்களாயின. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. ஆயினும், அவ்வாண்டுகளுக்கிடையே வன்னி கண்ட துன்பத்தை நேயர்கள் அறிவீர்கள். 1983இல் மூண்ட போர் 2009 மே மாதத்தில் நந்திக்கடற் கரையிலேயே முடிந்தது. இடையே, 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. உயிரிழந்தோரையும் உறவிழந்தோரையும் எண்ணும் நெஞ்சுக்குப் பறவையை எண்ண நேரமேது? காட்டிலே கண்ணிவெடி, களப்போரத்திலே காவலரண். தென்னிலங்கையிலே ஆராய்ச்சியாளர் ஆண்டுதோறும் பறவைகளைக் கணக்கெடுத்தபோது, வன்னியின் பக்கங்கள் பெரும்பாலும் எழுதப்படாமலே போயின. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலத்தின் குறிப்பேடு நம்மிடம் இல்லை.

ஊருக்கு மீண்ட மக்கள் முதலிற் செய்தவற்றுள் ஒன்று, காடேறிக் கிடந்த வளவைத் துப்புரவாக்கியதும் உடைந்த குளத்தைக் கட்டியதுமாகும். பழைய கதை மீண்டும் நிகழ்ந்தது. கட்டு எழுந்தால் நீர் நிற்கும். நீர் நின்றால் கொக்கு வரும்.

அதனோடு புதிய வழக்குகளும் எழுந்துள்ளன. சரணாலய எல்லைக்கல் எங்கே நடப்படுகின்றது, தலைமுறையாக உழுத வயலும் வலை வீசிய களப்பும் அவ்வெல்லைக்குள் அகப்படுமா என்று மக்கள் அஞ்சுகின்றனர். பறவையைக் காக்க வரையும் கோடு, குளத்தைக் காத்த உழவனை வெளியே தள்ளுமாயின், அக்கோட்டால் பறவைக்கும் நன்மை விளையாது. மறுபுறம், மயில் பெருகி நெல்லையும் பயற்றையும் அழிக்கின்றது என்ற முறைப்பாடு நாடெங்கும் கேட்கின்றது. 2025 மார்ச் 15ஆம் நாள், குரங்கு, மரஅணில் முதலியவற்றோடு மயிலையும் சேர்த்து, பயிரழிக்கும் விலங்குகளை ஐந்து நிமிட நேரத்தில் எண்ணும் கணக்கெடுப்பொன்றை அரசாங்கம் நாடு முழுதும் நடத்தியது. முருகன் ஊர்தி என்று வணங்கிய கையே கல்லெடுக்க நேர்ந்திருக்கின்றது. உழவன் துயரை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கடன்பட்டு விதைத்தவனுக்குக் கதிர் உயிர். வன்னிக்குத் தெற்கேயுள்ள சிங்கள உழவரிடம் குருளு பாலுவ என்றொரு வழக்கம் இருந்தது. வயலின் ஒரு துண்டைக் குருவிகளுக்கென்று விட்டுவிடுவது. கொடுத்துக் காக்கும் அம்முறை எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. எனினும், பறவையும் விளைச்சலில் ஒரு பங்காளி என்று ஒப்பிய மனநிலை அதிலே தெரிகின்றது. அம்மனநிலையோடு வழி தேடுவோர்க்கு வழி கிட்டும்.

பிற நாடுகளையும் சிறிது பாருங்கள். நம் முற்றத்துக் குண்டுகரிச்சானை வங்காளதேசம் தன் தேசியப் பறவையாகக் கொண்டு தோயேல் என்று போற்றுகின்றது. அதே பறவையை இந்தோனேசியாவிற் பாட்டுப் போட்டிக்கெனக் கூண்டிலடைத்து விற்பதால், அந்நாட்டின் பல இடங்களில் அது காட்டிலிருந்து மறைந்துவருகின்றது. இன்று எங்கும் கிடைப்பது என்றும் கிடைக்கும் என்று எண்ணுவது பிழை.

எனவே, வன்னியில் வாழும் நேயர்களுக்கு, சிறப்பாக ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும், ஒரு சிறு வேண்டுகோள். பாடசாலைக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். ஆறுமணிக்குருவியின் முதற் குரல் இவ்வாண்டு எந்நாளிற் கேட்டது? குளம் எப்போது வான் பாய்ந்தது? நாரைகள் எந்த மரத்திற் கூடுகட்டின? இருவாய்ச்சி எந்தப் பழத்தை உண்டது? இவற்றைத் திகதியிட்டு எழுதுங்கள். வீட்டிலுள்ள பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் பறவைகளின் பெயரைக் கேட்டு, அவர்கள் சொல்லும் வடிவிலேயே பதியுங்கள். ஒரே பறவைக்கு முள்ளியவளையில் ஒரு பெயரும் ஒட்டுசுட்டானில் மற்றொரு பெயரும் இருக்குமாயின் இரண்டையும் எழுதுங்கள். இதற்குத் துப்பாக்கி வேண்டியதில்லை. லேயாட்டின் காலம் போய்விட்டது. கண்ணும் காதும் ஒரு பென்சிலும் போதும். பத்தாண்டு எழுதினால், மழை மாறுவதையும் காடு குறைவதையும் எந்த அலுவலகத்துக்கும் முன்னர் உங்கள் குறிப்பேடு சொல்லிவிடும். எல்லைக்கல்லைப் பற்றிய வழக்கு எழும்போதும், இந்நிலத்தை நாம் அறிவோம், காத்தும் வந்தோம் என்பதற்கு அது சாட்சியாக நிற்கும்.

இன்றைய வகைப்பாட்டு நூல்கள் குண்டுகரிச்சானைக் காக்கைக் குடும்பத்திலே சேர்ப்பதில்லை. ஈப்பிடிப்பான் குடும்பத்திலேயே வைக்கின்றன. முத்துவின் பெயர் தாங்கிய பழுப்புப் பறவையும் அக்குடும்பத்ததே. நாளை வைகறையிலே தண்ணீரூற்றில் உங்கள் வேலியோரத்தில் குண்டுகரிச்சான் பாடும்போது, அதன் உறவுப் பறவை ஒன்றைக் கண்டு கொணர்ந்த அந்தத் தமிழரை ஒருகணம் நினைந்துகொள்ளுங்கள். பின்னர் குறிப்பேட்டை எடுத்து, நாளையும் நேரத்தையும் எழுதுங்கள்.